காசின் பிழையும் காயமும்: மலையகத்துப் புதுச் சேகரிப்பாளருக்கு முழுமையான வழிகாட்டி

“அண்ணே, இது எவ்வளவு போகும்?” ஹட்டன் பக்கம் நாணயம் சேர்க்கிற ஆள் என்று பெயர் எடுத்துவிட்டால் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. கேட்பவரின் உள்ளங்கையில் ஒரு ஐந்து ரூபாய்க் குற்றி இருக்கும். அதில் ஒரு எழுத்து குறைந்திருக்கும், ஓரம் நெளிந்திருக்கும், இல்லையென்றால் மஞ்சளாக இருக்க வேண்டியது சிவந்து கிடக்கும். முந்தின இரவு அவர் கைபேசியில் ஒரு காணொளி பார்த்திருப்பார். இப்படிப்பட்ட காசுக்கு இலட்சக்கணக்கில் தருகிறார்களாம்.

“அஞ்சு ரூபாய் போகும்” என்பதுதான் பெரும்பாலும் என் பதில்.

ஆனால் எப்போதும் அல்ல. நாணயச்சாலையிலேயே பிழையாகப் பிறந்த காசுகள் உலகம் முழுக்க இருக்கின்றன, அவற்றைத் தேடி வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், பிழையோடு பிறந்த காசும் பிறந்த பின் அடிபட்ட காசும் முதல் பார்வையில் ஒன்றுபோலவே தெரியும். முன்னதைப் ‘பிழை’ என்றும் பின்னதைக் ‘காயம்’ என்றும் இந்த வழிகாட்டி முழுக்கச் சொல்லிக்கொண்டு போகிறேன். இரண்டையும் பிரிக்க ஒரே ஒரு விதி போதும்: நாணயச்சாலையின் எந்தப் படியில், எந்த இயந்திரத்தில் இது நடந்தது என்று உங்களால் சொல்ல முடிய வேண்டும். சொல்ல முடியாத வரைக்கும் அதைக் காயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: காசு பிறக்கும் வழியைத் தெரிந்துகொள்ளுங்கள்

இலங்கை ரூபாய் நம் நாட்டில் அடிக்கப்படுவதில்லை. மத்திய வங்கி வெளிநாட்டு நாணயச்சாலைகளுக்கு ஆர்டர் கொடுத்து வரவழைக்கிறது. பிரிட்டனின் ராயல் மின்ட் நெடுங்காலம் நமக்குக் காசு அடித்துத் தந்த இடங்களில் ஒன்று. சிலோன் காலத்தில் பர்மிங்காமிலும் பம்பாயிலும் கூட அடித்தார்கள். பழைய சதங்களில் ஆண்டுக்கு அருகே குட்டியாக ‘எச்’ அல்லது ‘பி’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது அந்தச் சாலைகளின் முத்திரை. கூடுதல் எழுத்து விழுந்துவிட்டது என்று துள்ள வேண்டாம்.

வேலை நடக்கும் வரிசை இதுதான். தகடாக உருட்டிய உலோகத்திலிருந்து வட்ட வில்லைகளை வெட்டி எடுக்கிறார்கள். சூடாக்கி இளக்குகிறார்கள். ஓரத்தை அழுத்தி ஒரு மேடு எழுப்புகிறார்கள். இதைக் கரை என்று சொல்வோம். இரும்புக் காசென்றால் அந்த வில்லைகளை மின்முலாம் தொட்டியில் போட்டு மேலே பித்தளை, செம்பு அல்லது நிக்கல் ஏற்றுகிறார்கள். கடைசியில் அச்சகம். கீழே ஒரு அச்சு, மேலே ஒரு அச்சு, சுற்றிலும் காலர் எனப்படும் எஃகு வளையம். வில்லை அந்த வளையத்துக்குள் விழும், அச்சுகள் ஒரே அடி அடிக்கும், உலோகம் குழைந்து அச்சின் பள்ளங்களுக்குள் ஏறும், வளையம் தாண்டிப் பரவாமல் நிற்கும். நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில் இது நடக்கிறது.

ஆகவே பிழைகள் மூன்று குடும்பம். வில்லையில் நேர்ந்தவை, அச்சில் நேர்ந்தவை, அடிக்கும் கணத்தில் நேர்ந்தவை. நான்காவது குடும்பம் கிடையாது.

இன்னொன்றும் இருக்கிறது. அடித்த காசுகளைச் சாலையிலேயே சோதித்து ஒதுக்குகிறார்கள். அளவு மாறியதும் வடிவம் கெட்டதும் அங்கேயே பெரும்பாலும் சிக்கிவிடும். தப்பி வருபவை பெரும்பாலும் சின்னச் சமாசாரங்கள்: மயிரிழை போல ஒரு மேட்டுக் கோடு, நிரம்பாத ஒரு எழுத்து, ஓரத்தில் ஒரு சிறு கடி. பார்த்தவுடன் வாயைப் பிளக்க வைக்கும் காசு கையில் வந்தால் சந்தேகத்தை இரட்டிப்பாக்குங்கள்.

படி 2: கருவிகள்

பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் நகைக்கடை லென்ஸ் ஒன்று. ஒரு கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் சின்ன மின்தராசு. காந்தம் (உடைந்த ஸ்பீக்கரில் இருப்பது போதும்). பக்கவாட்டில் வெளிச்சம் விழ ஒரு மேசை விளக்கு. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பிட்டர் யாராவது பழக்கமென்றால் விட்டம் அளக்கும் வேர்னியர் கருவி இரவல் கிடைக்கும்.

எல்லாவற்றையும் விட உதவுவது அதே தொடரில், அதே ஆண்டில் அடித்த சாதாரணக் காசுகள் நான்கைந்து. ஒப்பிட்டுப் பார்க்க நல்ல காசு பக்கத்தில் இல்லாமல் பிழை தேடுவது வீண் வேலை.

படி 3: கழுவாதீர்கள்

புளி, எலுமிச்சை, சாம்பல், திருநீறு, பிராசோ எதுவும் வேண்டாம். அழுக்குக் காசைப் பளபளப்பாக்கித்தான் கொண்டு வர வேண்டும் என்று நம் ஆட்களுக்கு ஒரு எண்ணம். குத்துவிளக்கு விளக்கிய பழக்கம். புளி பித்தளையின் மேல்தோலைத் தின்னும், சாம்பல் நுண்ணிய கீறல்களைப் போடும். அதன் பிறகு பிழை இருந்த இடமும் தேய்த்த இடமும் ஒன்றாகிவிடும். மண் ஒட்டியிருந்தால் சுத்தமான தண்ணீரில் ஊறப் போட்டு, எடுத்து, துணியால் ஒற்றி உலர்த்துங்கள். தேய்க்கக் கூடாது.

படி 4: மேடா, பள்ளமா?

இந்த ஒரு சோதனையே பாதிக் காசுகளைப் பிரித்துவிடும். கொழுக்கட்டை அச்சில் ஒரு கீறல் விழுந்தால் கொழுக்கட்டையில் அது மேட்டுக் கோடாக எழும். காசும் அப்படித்தான். அச்சு எஃகு, அடித்து அடித்து விரிசல் விட்டால் உலோகம் அந்த விரிசலுக்குள் ஏறிக் காசில் மேடாக நிற்கும். ஆகவே அச்சு விரிசல் என்பது எப்போதும் மேடு. பெரும்பாலும் கரையில் தொடங்கி ஏதாவதொரு எழுத்தைத் தொட்டுக்கொண்டு, ஆற்றின் கிளை போல ஒழுங்கில்லாமல் ஓடும். அச்சின் ஓரத்துண்டு பெயர்ந்தே போயிருந்தால் காசின் அந்த ஓரத்தில் வடிவமே இல்லாத ஒரு உலோகத் திட்டு எழும்பும், அதற்கு நேர் பின்பக்கத்திலும் எழுத்து மங்கலாக இருக்கும். உலோகம் முழுவதும் இந்தப் பக்கத்து ஓட்டையை நிரப்பப் போய்விடுவதால் அந்தப் பக்கத்துக்குப் போதவில்லை.

காயம் பெரும்பாலும் பள்ளம். ஆணி, கல், கத்தி எதுவாயினும் உலோகத்தைத் தோண்டும், தோண்டிய உலோகம் பள்ளத்தின் இரு கரையிலும் சிறு வரப்பாகக் குவியும். விளக்கைச் சாய்த்துப் பிடித்து லென்ஸில் பாருங்கள், வரப்பு தெரியும். அதைப் பார்த்துவிட்டால் பேச்சு முடிந்தது.

‘மேடாக இருந்தால் பிழை’ என்று இதைத் தலைகீழாகப் போட்டுவிடவும் கூடாது. பற்றாசு மேடாகத்தான் இருக்கும். நம் பாட்டிமார் பழைய வெள்ளி ஐம்பது சதங்களிலும் இந்திய வெள்ளி ரூபாய்களிலும் கொக்கி வைத்துப் பற்றி மாலையாகப் போட்டார்கள். அடகுக்கும் கல்யாணத்துக்கும் மாலை பிரிந்த பிறகு, கொக்கி அறுத்த இடத்தில் ஒரு மொட்டு எஞ்சும். அதன் நிறம் சற்று மாறியிருக்கும், எழுத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும், அடியில் பழைய எழுத்தின் பகுதி எட்டிப் பார்க்கும். அச்சால் எழுந்த மேடு காசோடு ஒரே உலோகம், அதன் கீழே எதுவும் ஒளிந்திருக்காது.

எழுத்து காணாமல் போன காசுக்கும் இதே பொறுமை வேண்டும். அச்சின் பள்ளத்தில் மசகும் தூசியும் அடைத்துக்கொண்டால் அந்த எழுத்து நிரம்பாது. அப்படிப்பட்ட காசில் காணாத எழுத்தைச் சுற்றியுள்ள தரை வழவழப்பாக, மற்ற இடங்களைப் போலவே இருக்கும். பக்கத்து எழுத்துகள் கூர்மையாக நிற்கும். அரத்தால் தேய்த்து எடுத்த எழுத்தின் இடத்தில் ஒரே திசையில் கோடுகள் தெரியும், தரை இலேசாகக் குழிந்திருக்கும். பாவனையில் தேய்ந்த காசு இரண்டும் அல்ல. அதில் உயரமான இடங்கள் முதலில் போகும், பிறகு எல்லாமே சமமாக மங்கும்.

படி 5: விளிம்பைப் பாருங்கள்

புதியவர்கள் காசின் இரு முகங்களைத்தான் பார்ப்பார்கள். ஏமாற்று வெளிப்படுவது விளிம்பில்.

ஓரத்தில் பிறை வடிவில் கடித்தது போல் இருந்தால் வில்லை வெட்டும்போது தகடு சரியாக நகராமல், முன்பே வெட்டிய ஓட்டையின் மேல் கத்தி விழுந்திருக்கலாம். இது நல்ல பிழை. மூன்றைக் கவனியுங்கள். கடியின் விளிம்பு அடியில் வழிந்த உலோகம் போல மழுங்கியிருக்கும். கடிக்கு அருகே உள்ள எழுத்துகள் கடியை நோக்கிச் சற்றே இழுபட்டிருக்கும். கடிக்கு நேர் எதிர்ப்பக்கத்துக் கரை பலவீனமாக, சில சமயம் இல்லாமலே இருக்கும், ஏனெனில் கரை எழுப்பும் இயந்திரத்தில் வில்லையை இரு பக்கமும் அழுத்த வேண்டும், ஒரு பக்கம் வெற்றாக இருந்தால் எதிர்ப்பக்கத்துக்கும் அழுத்தம் கிடைக்காது. சேகரிப்பாளர்கள் இதைப் பிளேக்ஸ்லி விளைவு என்பார்கள். அரத்தாலும் வெட்டுக்குறடாலும் கடி போடுகிறவருக்கு எதிர்க்கரையை மெலியவைக்கத் தெரியாது.

அடுத்தது, விரிந்த காசு. காலர் வளையம் சரியாக எழாமல் அச்சு அடித்துவிட்டால் உலோகம் தடையின்றிப் பரவிக் காசு அகன்றுவிடும். இதற்குப் போட்டியாக மலையகத்தில் ஒரு பெரிய தொழிற்சாலை இருக்கிறது: தண்டவாளம். 1885இல் நானு ஓயா வரை இரயில் வந்த நாளிலிருந்தே பிள்ளைகள் அதில் காசு வைத்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். கொட்டகலை, தலவாக்கலை, வட்டகொடை என்று பாதையோர லயங்களில் வளர்ந்த யாரிடமும் நசுங்கிய காசு ஒன்றாவது இருந்திருக்கும். எடை பார்த்து இதைப் பிரிக்க முடியாது, இரண்டிலும் உலோகம் குறைவதில்லை. எழுத்தைப் பாருங்கள். காலர் இல்லாமல் அடித்த காசில் எழுத்தும் இலச்சினையும் தம் சரியான அளவிலேயே, கூர்மையாக இருக்கும். அவற்றுக்கு வெளியே வெறும் உலோகம்தான் பரவியிருக்கும். இரயில் ஏறிய காசில் எழுத்தே இழுபடும். காசு ஓடும் திசையில் நீண்டு முட்டை வடிவாகும், ஓரம் பிளேடு போல மெலியும், எழுத்துகள் ஆவி போல மங்கிப் பரவும்.

மையம் தவறி அடித்த காசும் அப்படியே சோதிக்கத் தக்கது. இலச்சினை ஒரு பக்கம் ஒதுங்கி, மறுபக்கம் பிறையாக வெற்று உலோகம் நிற்க வேண்டும். இரண்டு முகத்திலும் நிற்க வேண்டும். கரை மட்டும் ஒரு பக்கம் சற்று அகலம், மறுபக்கம் சற்று ஒடுக்கம் என்ற அளவில் இருப்பது ஆயிரக்கணக்கில் கிடக்கிறது. அதற்கு விலை கிடையாது.

மூலைகள் உள்ள காசில் அவசரப்படாதீர்கள். நம் ஐந்து சதம் 1909 முதல் மூலை மழுங்கிய சதுரம். 1944இல் வந்த இரண்டு சதமும் பத்து சதமும் பூவிதழ் போல் வளைந்த ஓரம் கொண்டவை. அவற்றில் ஒரு இதழ் தட்டையாக இருந்தால் பெரும்பாலும் யாரோ அடித்ததுதான்.

படி 6: நிறம், காந்தம், எடை

மலையகத்தில் எனக்குக் காட்டப்படும் ‘அதிசயக் காசு’களில் கணிசமானவை நிறக்கதைகள். இதற்கு நம் நாணய வரலாறே பாதிக் காரணம்.

1984இல் வந்த ஐந்து ரூபாய் நிக்கல் கலந்த பித்தளை, 9.5 கிராம். காந்தத்தில் ஒட்டாது. 2005 தொடரில் அதே அளவு, அதே மஞ்சள், ஆனால் உள்ளே இரும்பு, மேலே பித்தளை முலாம், 7.7 கிராம், காந்தத்தில் ஒட்டும். அந்தத் தொடரில் ஒரு ரூபாயும் பித்தளை முலாம் இட்ட இரும்பாகிச் சிறுத்தது, 25 சதமும் 50 சதமும் செம்பு முலாமுக்கு மாறின. பிறகு 2017 ஆண்டு பொறித்த தொடரில் துருப்பிடிக்காத உருக்கு வந்தது. மஞ்சளாக இருந்த ஒரு ரூபாயும் ஐந்து ரூபாயும் வெள்ளையாகிவிட்டன.

இதிலிருந்து மூன்று வகை ஏமாற்றம் பிறக்கிறது. ‘காந்தத்தில் ஒட்டும் ஐந்து ரூபாய்’ பிழையல்ல. ‘பித்தளை பூச மறந்த வெள்ளை ஐந்து ரூபாய்’ என்று காட்டப்படுவது 2017க்குப் பிந்திய சாதாரணக் காசு. 2005 முதல் வந்த முலாம் தொடரில் ஒன்று சாம்பல் நிறமாகக் கிடைத்தால் மட்டும் நின்று பாருங்கள். முலாம் தொட்டியில் தப்பிய வில்லை என்றால் அச்சடித்த எழுத்துகள் கூர்மையாக, தரை ஒரே சீராக இருக்கும், எடை சற்றே குறையும். அமிலத்தில் போட்டு முலாம் உரித்ததென்றால் தரை சொரசொரத்து, எழுத்தின் ஓரங்கள் கரைந்து, இடுக்குகளில் மஞ்சள் மிச்சம் ஒட்டியிருக்கும்.

சிவந்த ஐந்து ரூபாய் இன்னொரு கதை. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. அமிலமோ கடும் சூடோ பட்டால் மேல்தோலில் துத்தநாகம் போய்ச் செம்பு மிஞ்சும். ‘செம்பு வில்லையில் தவறாக அடித்த ஐந்து ரூபாய்’ என்று அதை யாரும் விற்றால், எடையையும் காந்தத்தையும் கேளுங்கள். வேறொரு காசின் வில்லையில் தவறாக அடித்திருந்தால் அளவும் எடையும் அந்த வேறு காசுக்குப் பொருந்த வேண்டும். நிறம் மட்டும் மாறி மற்றெல்லாம் சரியாக இருந்தால் அது பூஜைத் தட்டின் வேலை, அல்லது புளியின் வேலை.

மெல்லிய காசு எல்லாமே பிழையல்ல. போர்க்காலச் சிக்கனத்தில் 1942இல் செம்பு ஒரு சதத்தின் எடையைப் பாதியாக்கினார்கள். அதே ஆண்டில் பழைய கனத்திலும் காசு உண்டு. இரண்டையும் அருகருகே வைத்து ‘இது பாதி உலோகத்தில் அடித்த பிழை’ என்று விற்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

படி 7: இரட்டை எழுத்து

எழுத்து இரட்டையாகத் தெரிவது மூன்று வழியில் நடக்கும். அச்சைச் செய்யும்போதே உருவம் இரண்டு முறை சற்று விலகிப் பதிந்திருக்கலாம். அந்த அச்சில் அடித்த ஒவ்வொரு காசிலும் அதே இரட்டை இருக்கும். அமெரிக்காவின் 1955ஆம் ஆண்டு ஒரு சதம் இதற்குப் பெயர் போனது. ஆண்டும் எழுத்தும் வெறுங்கண்ணுக்கே இரண்டாகத் தெரியும். இத்தகைய இரட்டையில் இரண்டு உருவமும் முழு உயரம், எழுத்தின் முனைகளில் பிளவு தெரியும்.

அடித்து முடித்த அச்சு தளர்ந்து ஒரு துளி நகர்ந்தால் எழுத்தின் ஒரு பக்கம் தட்டையாக, படிக்கட்டுப் போல ஒதுங்கும். எழுத்து தடிக்காது, உண்மையில் மெலியும். இது நாணயச்சாலையில் நடந்ததுதான், ஆனாலும் இதற்குப் பணம் கொடுப்பார் அரிது, ஏனெனில் எங்கும் கிடக்கிறது. காணொளிகளில் ‘டபுள் டை’ என்று கூவுவது பெரும்பாலும் இதையே.

மூன்றாவது, ஒரு காசை இன்னொன்றின் மேல் வைத்துத் தொழிற்சாலை வைசில் இறுக்குவது. அப்போது ஒன்றின் உருவம் மற்றதில் பள்ளமாக, கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பிப் பதியும். நாணயச்சாலையிலும் இப்படியொரு பிழை உண்டு: அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டு, அடுத்த வில்லையை அதுவே முத்திரை குத்துவது. உண்மையான பிழையில் அந்தப் பக்கத்துக்கு உரிய இலச்சினை அறவே இருக்காது, பள்ள உருவம் மட்டுமே நிறைந்திருக்கும். வைசில் செய்ததில் சொந்த இலச்சினையும் நசுங்கிய நிலையில் அங்கேயே கிடக்கும், பின்பக்கமும் தட்டையாகியிருக்கும்.

தோட்டத்தில் காசு படும் பாடு

வேறு எந்த வழிகாட்டியிலும் இந்தப் பகுதி இருக்காது. நமக்கு மிகவும் வேண்டியது இதுவே. காசை விற்கிறவர் பொய் சொல்ல வேண்டுமென்பதில்லை, காசுக்கு என்ன நடந்தது என்று அவருக்கே தெரியாது. அதனால் அது வாழ்ந்த வீட்டை விசாரியுங்கள்.

கற்பூரத் தட்டில் போட்ட காணிக்கைக் காசு நெருப்பில் வெந்து வானவில் நிறம் பிடிக்கும், பிறகு கறுக்கும். மாரியம்மனுக்கு நேர்ந்து மஞ்சள் துணியில் முடிந்து காம்பரா மூலையில் வருடக்கணக்கில் தொங்கிய காசில் துணியின் நெசவே கறையாகப் பதிந்திருக்கும். அதை ‘வலைப்பின்னல் பிழை’ என்று எடுத்து வந்த தம்பி ஒருவர் உண்டு. பிள்ளையின் அரைஞாணில் கட்டத் துளையிட்ட காசில் துளையின் ஒரு பக்கம் உள்வாங்கி, மறுபக்கம் பிசிறு எழும். நாணயச்சாலை துளைக்கு இரு பக்கமும் ஒழுங்கான வரம்பு இருக்கும், நம் இலங்கை ரூபாய்த் தொடர்களில் துளைக்காசு அடிக்கவும் இல்லை.

வெற்றிலைப் பெட்டியைக் கவனியுங்கள். அலுமினியத்துக்குச் சுண்ணாம்பு எதிரி. 1963 முதல் ஒரு சதமும் இரண்டு சதமும் அலுமினியம். 1978இல் ஐந்து சதமும் பத்து சதமும் அலுமினியமாயின. சுண்ணாம்பு டப்பாவுக்குள் கிடந்த பத்து சதம் வெள்ளைத் தூள் பூத்து, குழி விழுந்து, எடை குறைந்து வெளியே வரும். ‘மெல்லிய வில்லையில் அடித்தது’ என்று தோன்றும். மெல்லிய வில்லையில் அடித்த காசு வழவழப்பாக இருக்கும்; கரைந்த காசு அம்மை போட்ட முகம்.

உரச்சாக்கு இன்னொன்று. யூரியா ஈரத்தில் சிதைந்து அமோனியா விடும், அமோனியா செம்பையும் பித்தளையையும் அரிக்கும், நீலப்பச்சைப் பூஞ்சை போல் படியும். உரம் போட்டுவிட்டு வந்த படங்கு மடிப்பில் தங்கிய சில்லறைக்கு இதுவே கதி. தேயிலை மண் இயல்பிலேயே புளிப்பு. கவ்வாத்து வெட்டிய மலையிலோ பழைய செடி பிடுங்கும்போதோ கிடைக்கும் சிலோன் சதங்கள் சொரசொரத்துக் கரைந்திருப்பது அதனால்தான். அவற்றுக்கு வரலாற்று மதிப்பு உண்டு, பிழை மதிப்பு இல்லை.

முலாம் இரும்புக் காசு நுவரெலியா ஈரத்தில் முலாமுக்கு அடியில் துருப்பிடித்துக் கொப்பளிக்கும். வில்லையிலேயே முலாம் சரியாக ஒட்டாமல் வந்த கொப்பளமும் உண்டு. இரண்டாவது வழவழப்பான, காசின் நிறத்திலேயே உள்ள குமிழி. முதலாவதின் ஓரத்தில் பழுப்பு கசிந்திருக்கும், பெரும்பாலும் ஒரு கீறலை ஒட்டித் தொடங்கியிருக்கும்.

1998இல் சுதந்திரப் பொன்விழாவுக்கு வந்த இரு உலோகப் பத்து ரூபாயின் நடுவட்டத்தைத் தட்டிக் கழற்றி ‘நடு இல்லாமல் அடித்தது’ என்று வைத்திருப்பார்கள். நடுவட்டம் இல்லாமலே அச்சு அடித்திருந்தால் வளையத்தின் உள்விளிம்பு அழுத்தத்தில் குழைந்து உள்நோக்கி வழிந்திருக்கும். கழற்றியதில் உள்விளிம்பு சுத்தமாக, நடுவட்டம் பிடித்திருந்த தடத்தோடு இருக்கும்.

படி 8: பிழையே அல்லாதவற்றைக் கழியுங்கள்

நினைவு நாணயங்களைப் பிழை என்று எண்ணி ஒதுக்கிவைப்போர் நிறைய. 1987இன் சதுரப் பத்து ரூபாய் வீடற்றோருக்கான சர்வதேச ஆண்டுக்காக வந்தது. 2013 ஆண்டு பொறித்த பத்து ரூபாய் 25 மாவட்டங்களுக்கு 25 வகை; நுவரெலியாவுக்கும் ஒன்று உண்டு, பின்பக்கம் வேறாக இருப்பது அதன் இயல்பு. எழுபக்க இருபது ரூபாயும் அப்படியே.

ஒரு முகத்தைத் திருப்பினால் மறுமுகம் தலைகீழாக நிற்கிறதென்றால், முதலில் அதே தொடரில் மூன்று நான்கைத் திருப்பிப் பாருங்கள். எல்லாமே அப்படி நின்றால் அது முறை. ஒன்று மட்டும் கோணலாக நின்றால் அச்சு சுழன்ற பிழை, எத்தனை பாகை என்று குறித்து வையுங்கள்.

படி 9: விலை பேசுவதற்கு முன்

ராயல் மின்ட் 2008இல் ஆண்டே இல்லாத இருபது பென்ஸ் காசுகளை அடித்துவிட்டது. புதிய வடிவமைப்பில் ஆண்டு பின்பக்கத்திலிருந்து முன்பக்கத்துக்கு மாறியது. யாரோ பழைய முன் அச்சையும் புதிய பின் அச்சையும் இணைத்துவிட, இரண்டு முகத்திலும் ஆண்டு இல்லாமல் போனது. நாணயச்சாலை அதை ஒப்புக்கொண்டது, சந்தை உருவானது. ஒரு பிழைக்கு விலை வருவது இப்படித்தான். என்ன நடந்தது என்பது தெளிவாகத் தெரிய வேண்டும், அதே காசு பலர் கையில் ஒரே மாதிரி இருக்க வேண்டும், தேடுகிறவர்களும் வேண்டும். உங்கள் ஒற்றைக் காசு எவ்வளவு விசித்திரமாக இருந்தாலும், அதன் கதையை யாரும் சொல்ல முடியாவிட்டால் வாங்குகிறவர் வரமாட்டார். இலங்கைப் பிழைக்காசுகளுக்குச் சந்தை சிறியது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அச்சு விரிசல், நிரம்பாத எழுத்து போன்றவற்றை விற்கும் எண்ணத்தோடு தேட வேண்டாம், சேர்ப்பதற்காகத் தேடுங்கள்.

யாராவது கைபேசியில் அழைத்து ‘உங்கள் காசுக்கு ஐந்து இலட்சம் தருகிறோம், பதிவுக் கட்டணம் மட்டும் அனுப்புங்கள்’ என்றால் உடனே துண்டியுங்கள். இந்தியாவில் இது பெருகி, தங்கள் பெயரைச் சொல்லிப் பழைய நாணய விற்பனைக்குக் கட்டணமும் கமிஷனும் வாங்குகிறார்கள் என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் பகிரங்கமாக எச்சரித்தது. அதே வித்தை தமிழில் பேசும் குரலோடு நம் பக்கமும் வரும். காசை வாங்குகிறவர் உங்களுக்குப் பணம் தர வேண்டியவர், அவருக்கு நீங்கள் எதற்கு அனுப்ப வேண்டும்?

படி 10: வைத்திருக்கும் முறை

மலைநாட்டின் ஈரமே முதல் பகைவன். ஒட்டிக்கொள்ளும் மென்பிளாஸ்டிக் உறைகள் காலப்போக்கில் கசிந்து காசில் பச்சை ஏற்றும். தடித்த காகித உறையோ காகித அட்டைச் சட்டமோ போதும். ஒரு மூடிய டப்பாவில் போட்டு, புதுச் சப்பாத்துப் பெட்டியிலோ மருந்துப் புட்டியிலோ வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை உள்ளே வையுங்கள். அவ்வப்போது அவற்றை மாற்றுங்கள். அடுப்புக்கு மேலே உள்ள பரணில் வைக்காதீர்கள். விறகுப் புகை வெள்ளியையும் செம்பையும் கறுக்க வைக்கும். காசை எடுக்கும்போது விரலால் முகத்தைத் தொடாமல் விளிம்பில் பிடியுங்கள்.

ஒவ்வொரு உறையிலும் நான்கு விஷயம் எழுதுங்கள்: எங்கே கிடைத்தது, எந்த நாள், எடை எவ்வளவு, எந்தப் படியில் நடந்த பிழை என்று கருதுகிறீர்கள். நான்காவதற்கு எழுத எதுவும் தோன்றாவிட்டால் உறை வேண்டாம், கடைக்குக் கொண்டுபோய்ச் செலவழியுங்கள். ஒப்பிட நல்ல காசு வேண்டுமென்றால் கொழும்புக் கோட்டை சதாம் வீதியில் சென்ட்ரல் பொயின்ட் கட்டிடத்தில் மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று அரும்பொருளகம் இருக்கிறது. பழைய தொடர்கள் வரிசையாக அங்கே காட்சிக்கு உண்டு. திறக்கும் நாளை விசாரித்துவிட்டு ஹட்டனில் இரயில் ஏறுங்கள்.